கைக்குட்டையில் முடிந்த நற்கருணை

ஆண்டவரை நான் தொலைச்சிட்டேன். பேச்சுக்குச் சொல்லலை. என் கையில இருந்தவரை உப்பளத்துல தொலைச்சிட்டு, பத்து நாள் பைத்தியம் பிடிச்சவ மாதிரி அலைஞ்சேன். அந்தப் பத்து நாளைப் பத்தித்தான் எழுத உட்கார்ந்திருக்கேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. நாலு பேர் முன்னாடி நின்னு பேச எனக்கு வராது. ஜெபக் கூட்டத்துல சாட்சி சொல்லுங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க, தலையை ஆட்டிட்டு பின்னாடி தூணோரமா போய் நின்னுக்குவேன். எழுதியாவது குடுங்கம்மான்னு பங்குச் சாமியார் சொன்னார். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

என் பேர் ஞானம்மா. மரக்காணம் உப்பளத்துல கூடை சுமக்கிறவ. எங்க வீட்டுக்காரர் சவரிமுத்து, அவரும் உப்பளத்துல உப்பு இழுத்தவர்தான். 2005-ஆம் வருஷம் தை மாசம், சுனாமி வந்து ஒரு மாசம் கூட ஆகலை, அவருக்கு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துடுச்சு. வாய் கோணிப் போச்சு. பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில காட்டினோம். இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்.

அப்போ அவர் கோயிலுக்குள்ள கால் வச்சு பதினெட்டு வருஷம் ஆகியிருந்துச்சு. எங்க ஊர் மாதா திருவிழாவுல அவர் தேர் தூக்குறவர். ஒரு வருஷம், குடிச்சிட்டு வந்திருக்கார்னு சொல்லி, தேர்க்கொம்புல இருந்த அவர் கையை எல்லார் எதிர்லயும் எடுத்து விட்டாங்க. மத்த நாள்ல அவர் குடிப்பார், நான் இல்லைன்னு சொல்லலை. அன்னிக்குக் குடிக்கலை. திருவிழாவுக்காக ஒன்பது நாள் விரதம் இருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கூட்டத்துல வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். சும்மா நின்னுட்டேன். அன்னியிலேர்ந்து அவர் கோயில் வாசலைத் தாண்டலை.

படுத்த படுக்கையான பிறகு, பங்குனி மாசத்துல ஒரு நாள், கோணின வாயால சொன்னார்:

"ஞானம்மா, சாவறதுக்குள்ள ஒரு தடவை நன்மை வாங்கணும்."

நற்கருணையைத்தான் எங்க ஊர்ல பழைய ஆளுங்க நன்மைன்னு சொல்லுவோம். பூசையில சாமியார் குடுக்கிற சின்ன வட்ட அப்பம், அது ஆண்டவர் உடம்பேதான்னு எங்க விசுவாசம். எனக்கு அழுகையா வந்துடுச்சு. சாமியாரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்.

"வேணாம். நான் அவங்க வாசலைத் தாண்டலை. அவர் எதுக்கு என் வாசலைத் தாண்டணும்?"

அதுக்கு மேல பேச மாட்டார். சாமியாரைக் கூப்பிடவும் கூடாது, நன்மையும் வேணும். எனக்கும் போய்க் கேக்க வாய் வரலை. சாமியார் அப்போ சுனாமியில வீடு போன மீனவ ஜனங்களுக்காக ராப்பகலா ஓடிக்கிட்டு இருந்தார். அத்தனை பேர் துக்கத்துக்கு நடுவுல ஒரு கிழவனுக்காக அவரை எப்படிக் கூப்பிடறது? இப்படியே நினைச்சு நினைச்சு நாள் போச்சு. கடைசியில நான் ஒரு காரியம் பண்ணினேன். பண்ணக் கூடாத காரியம்.

சித்திரை மாசத்துல ஒரு சனிக்கிழமை அவர்கிட்ட, "நாளைக்கு உங்களுக்கு நன்மை கொண்டாறேன்"னு சொன்னேன். சாமியார் குடுத்தனுப்புறாரான்னு கேட்டார். தலையை ஆட்டினேன். அது பொய்.

ஞாயிறு காலையில பூசையில நாக்கு நீட்டி வாங்கினேன். நாக்கை அசைக்கலை. முக்காட்டை முகத்து மேல இழுத்து விட்டுக்கிட்டு, வெள்ளைக் கைக்குட்டையில எடுத்து முடிஞ்சு, இடுப்புல சொருகிக்கிட்டேன். கோயிலுக்குன்னே வச்சிருக்கிற கைக்குட்டை அது. ஆண்டவரே, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்க, வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்.

வெளிய வந்தா, உப்பளத்து டிராக்டர் கோயில் முனையில நிக்குது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மழை விழுந்தா எடுத்து வச்ச உப்பு மொத்தமும் கரைஞ்சிடும். மேஸ்திரி கையைத் தட்டிக் கூப்பிடறார்.

"ஏம்மா, பூசை முடிஞ்சுதில்ல? ஏறு, ஏறு. வானத்தைப் பாரு."

"வீட்டுக்குப் போயிட்டு..."

"இன்னா முணுமுணுக்குற? வாய்க்குள்ளயே பேசினா எனக்குக் கேக்குமா?"

டிராக்டர்ல இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. "ஊமைச்சாமி வரம் குடுக்குது மேஸ்திரி, வாங்கிக்குங்க"ன்னு ஒருத்தி. எனக்கு முகம் சூடாயிடுச்சு. ஏறிட்டேன். அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வந்துடறேன்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லலை.

உப்பளத்துல இறங்கினதும் பயம் பிடிச்சுது. இடுப்புல வியர்வை. தலையில கூடை வச்சா உப்புத் தண்ணி வழியும். நனைஞ்சா என்ன ஆகும்? முடிச்சை எடுத்து என் வயர் கூடையில சோத்துப் பாத்திரத்து மேல வச்சு, உப்புத் தண்ணி இறைக்கிற மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்துல இருக்கிற கருவ மரத்துக் கிளையில மாட்டினேன். எல்லார் பையும் அங்கதான் தொங்கும். நூறு நடை நடந்திருப்பேன். ஒவ்வொரு நடைக்கும் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் காத்து வந்துது. மண்ணை வாரிக்கிட்டு, பின்னாலயே மழையும். எல்லாரும் உப்பு மேட்டை ஓலையால மூட ஓடினோம். மழை கால் மணி நேரத்துல விட்டுடுச்சு. நான் மரத்துக்கு வந்தா பையெல்லாம் கீழ சிதறிக் கிடக்குது. என் கூடை கவுந்து கிடக்குது. சோறு சேத்துல கொட்டிக் கிடக்குது.

கைக்குட்டை இல்லை.

சேத்தைக் கையால துழாவினேன். "இன்னாக்கா தேடுற, சோத்தையா? வா, என் சோத்துல பாதி தின்னு"ன்னு கூப்பிட்டாங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். எதைத் தேடறேன்னு எப்படிச் சொல்லுவேன்?

வீட்டுக்குப் போகும்போது மத்தியானம் தாண்டிடுச்சு. எங்க வீட்டுக்காரர் சுவரோடு சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு தலை வாரச் சொல்லியிருக்கார். வெள்ளைச் சட்டை மாத்தியிருக்கார். காலையிலேர்ந்து ஒரு வாய் காப்பி கூட குடிக்கலை, நன்மை வாங்கணுமேன்னு. என் கையைப் பார்த்தார். சேறு. முகத்தைப் பார்த்தார். நான் வயர் கூடையைக் கழுவப் போட்டேன்.

"காப்பி போடு"ன்னார்.

அன்னியிலேர்ந்து எனக்கு உட்கார முடியலை, நிக்க முடியலை. சோறு இறங்கலை. மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போனேன். உப்பளத்துல வெள்ளையா ஒண்ணைத் தேடறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. எங்க பார்த்தாலும் வெள்ளை. வரப்போரத்துல காய்ஞ்ச உப்புச் சில்லு ஒவ்வொண்ணும் அவர் மாதிரியே தெரியுது. குனிஞ்சு எடுப்பேன், உப்பா இருக்கும். காலை எடுத்து வைக்க பயம். இங்க கிடப்பாரோ, மிதிச்சிட்டேனோ. பாத்திக்குள்ள செருப்புப் போட்டு நாங்க இறங்க மாட்டோம், அது உப்புக்கு நாங்க குடுக்கிற மரியாதை. நான் அந்த நாள்ல ரோட்டுல கூட செருப்புப் போடலை. உப்பு ஏத்தின லாரி போகும்போதெல்லாம் அது மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிப்பேன். அந்த லாரியில போயிட்டாரோ, எந்த ஊர்ல யார் வீட்டுக் குழம்புல விழப் போறாரோ.

ஜெபமாலை சொன்னா பாதியில விட்டுப் போகும். அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிப்பேன், உம் மகனை நான் என்ன பண்ணிட்டேன்னு நினைப்பு வரும், அதுக்கு மேல ஓடாது. எத்தனாவது மணியில நிக்கிறேன்னு தெரியாம திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.

மத்தியானத்துல எல்லாரும் மோட்டார் கொட்டகை நிழல்ல உட்கார்ந்து சாப்பிடுவோம். நானும் அங்க உட்கார்ந்து கஞ்சியை வெறுமனே கலக்கிக்கிட்டு இருப்பேன். மோட்டார் ஓட்டுற கலியபெருமாள் ஓயாம பீடி குடிக்கிற ஆள். அந்த வாரம் அவர் கொட்டகைக்கு வெளிய போய் வெய்யில்ல நின்னு பீடி குடிச்சார். செருப்பையும் வாசல்ல கழட்டி விட்டிருந்தார். இதையெல்லாம் நான் பார்த்தேன். ஏன்னு கேக்கலை. எதையுமே கேக்காதவதானே நான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். நற்கருணை வரிசையில நிக்க தைரியமில்லை. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கிற பாவசங்கீர்த்தன வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்கும்போது வெளிய வந்துட்டேன். வீட்டுல எங்க வீட்டுக்காரர் மறுபடியும் என் கையைத்தான் பார்த்தார். "எப்போ?"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். அடுத்த வாரம்னு சொன்னேன். ரெண்டாவது பொய்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது புரை ஏறிடுச்சு. மூச்சு நின்னுடுச்சு. கண்ணு மேல சொருகிடுச்சு. முதுகைத் தட்டித் தட்டி, எப்படியோ மூச்சு திரும்பிச்சு. அவரைச் சாய்ச்சுப் படுக்க வச்சிட்டு அங்கேயே மண்டி போட்டேன். எனக்குப் பெரிய ஜெபமெல்லாம் தெரியாது. இதைத்தான் சொன்னேன்: "ஆண்டவரே, உம்மை நான் தொலைச்சேன். எனக்குத் தேடத் தெரியலை. நீரே உம்மைக் காட்டும். எனக்கு ஒரு வாயைக் குடும். இவரை இப்படியே அனுப்பிடாதேயும்."

சாட்சி சொல்றவங்க, அந்த நிமிஷமே மனசு அமைதியாச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு ஆகலை. ஆனா புதன்கிழமை காலையில கால் தானா பங்குக் கோயில் பக்கம் நடந்துது. அதுதான் பதில்னு எனக்கு அப்போ தெரியலை.

பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன். என் மகன் வயசுதான் இருக்கும் சாமியாருக்கு. பாவ மன்னிப்பு குடுத்தார். அப்புறம் சொன்னார்:

"அம்மா, இதுக்குள்ள கேட்டதை நான் வெளிய பேச முடியாது. அவரைத் தேடணும்னா, வெளிய வந்து என்கிட்ட இன்னொரு தடவை நீங்களே சொல்லணும்."

ஒரு தடவை சொன்னதுக்கே உசுரு போயிடுச்சு. வெளிய வேப்ப மரத்தடியில நின்னு, பட்டப்பகல்ல, இன்னொரு தடவை சொன்னேன்.

"அங்க வேலை செய்யறவங்க யாரையாவது கேட்டீங்களா?"

"இல்ல சாமி."

"ஒருத்தரைக் கூடவா?"

"கூச்சமா இருந்துச்சு சாமி."

அவர் திட்டலை. உள்ள போய், நோயாளிங்களுக்கு நன்மை கொண்டு போற நற்கருணைச் சிமிழை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தார். "வண்டியில ஏறுங்கம்மா. போய்க் கேப்போம்"னார். சாமியார் பைக்ல நான் எப்படி ஏறுறது? ஏறினேன். பத்து நாள்ல முதல் தடவையா ஒருத்தர் சொன்னதுக்கு முணுமுணுக்கலை.

உப்பளத்து வரப்புல சாமியார் செருப்பைக் கழட்டிட்டு நடந்தார். எல்லாரும் கூடையை இறக்கி வச்சிட்டுப் பார்த்தாங்க. அவர் என் பக்கம் திரும்பி, "கேளுங்க"ன்னார்.

தலையில இருந்த முக்காட்டைப் பின்னால தள்ளினேன். அப்புறம் சொன்னேன். "என் வெள்ளைக் கைக்குட்டை... மழை பேஞ்ச ஞாயித்துக்கிழமை... அதுல எங்க கோயில் நற்கருணை இருந்துச்சு. யாராவது பார்த்தீங்களா?"

கலியபெருமாள் வாயிலேர்ந்து பீடியை எடுத்தார்.

"அட, அது உன்னுதா? ஏம்மா, பத்து நாளா என் எதிர்லயே உக்காந்து கஞ்சி கலக்கிக்கினு இருக்கியே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாது? மேல பாரு. கொட்டகைக்குள்ள போயி மேல பாரு."

கொட்டகை விட்டத்துல ஒரு எவர்சில்வர் டப்பா. மஞ்சள் துணியில கட்டித் தொங்க விட்டிருந்தது.

எங்க கூட வேலை செய்யற காசியம்மா, பிரம்மதேசத்துக்காரி, மழை விட்டதும் சேத்துல அதைப் பார்த்து எடுத்திருக்குது. நனைஞ்ச துணிக்குள்ள வட்டமும் சிலுவை அச்சும் தெரிஞ்சிருக்குது. கிறிஸ்துமஸுக்கு எங்க கோயிலுக்கு வேடிக்கை பார்க்க வரும், அதனால இன்னதுன்னு புரிஞ்சுபோச்சு. யாருதுன்னுதான் தெரியலை. அந்த நேரத்துல அது மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்குன்னு ஆள் வந்து சொல்லியிருக்காங்க. பிள்ளை பிறந்த தீட்டோட இதைத் தொடக் கூடாது, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு, தன் சோத்து டப்பாவைத் தேய்ச்சுக் கழுவி, கலியபெருமாள் கையால அதுல வைக்கச் சொல்லி, மேல கட்ட வச்சிட்டு ஊருக்குப் போயிடுச்சு.

"தீட்டுக் கழிஞ்சு வந்து நானே கேட்டுக் குடுக்கிறேன், அதுவரைக்கும் கொட்டகையில பீடி பத்த வச்சா கையை ஒடச்சிடுவேன்னுட்டுப் போச்சு சாமி, ராட்சசி"ன்னார் கலியபெருமாள். "பத்து நாளா வெய்யில்ல நின்னு ஊதறேன். சாமின்னு சொல்லிடுச்சே, இன்னா பண்றது?"

நான் அங்கேயே மண்டி போட்டுட்டேன். பத்து நாள் நான் எங்கெங்கயோ குனிஞ்சு தேடினவர், நான் கஞ்சி குடிக்கிற இடத்துல என் தலைக்கு மேலேயே இருந்திருக்கார். அவரை அறியாத ஒருத்தர் அவருக்காக வெய்யில்ல நின்னிருக்கார். அறிஞ்ச நான் அவரை இடுப்புல சொருகிக்கிட்டு டிராக்டர் ஏறினேன்.

சாமியார் ஸ்டூல் மேல ஏறி, தன் கையாலேயே டப்பாவை இறக்கினார். நற்கருணை துணியோட ஒட்டிக் காய்ஞ்சிருந்தது. முழுசா இருந்தது. அதை அப்படியே மரியாதையா மூடி எடுத்துக்கிட்டார். பிறகு கோயில்ல சுத்தத் தண்ணியில கரைய வச்சு, மிதிபடாத இடத்துல மண்ணுல ஊத்தினார், சேதமான நற்கருணைக்கு அதுதான் முறையாம். நான் பக்கத்துல நின்னேன்.

அங்கேயிருந்து நேரா எங்க வீடு. சாமியாரைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் அவர் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர்கிட்ட நான் அவ்வளவு நேரம் பேசினதில்லை.

சுவரைப் பார்த்தே கேட்டார். "கலியனா? பீடி இல்லாம அவனுக்கு மூச்சு வராதே."

"வெளிய போய்க் குடிச்சிருக்கார். பத்து நாளும்."

அவர் தோள் குலுங்கிச்சு. திரும்பினார்.

"அவன் மரியாதைக்கு வெளிய நின்னான். நான் வீம்புக்கு நின்னுட்டேன், ஞானம்மா."

அப்புறம் சாமியாரைப் பார்த்து, "சாமி, அன்னிக்கு நான் குடிக்கலை"ன்னார்.

"ஒன்பது நாள் விரதம் இருந்தார் சாமி. நான் பார்த்தேன்"னு நான் சொன்னேன். பதினெட்டு வருஷம் கழிச்சு சொன்னேன்.

சாமியார் அவர் விழுந்த கையைப் பிடிச்சுக்கிட்டார். "நான் அப்போ இங்க இல்லை ஐயா. ஆனா நீங்க சொல்றதை நம்பறேன். கோயில் பேரால நான் மன்னிப்பு கேக்கறேன்."

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, தலை வாரி விடுன்னார். வாரி விட்டேன். வெள்ளைச் சட்டை மாத்தினேன். நான் வெளிய வந்து நின்னேன், அவர் பாவசங்கீர்த்தனம் பண்ணினார். பிறகு சிமிழ்லேர்ந்து நன்மை வாங்கினார். கோணின வாய்தான். ஒரு துகள் கீழ விழலை.

இதுக்கெல்லாம் பிறகு நான் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன். என் கூச்சத்தைத்தான் நான் இத்தனை வருஷமா பயபக்தின்னு நினைச்சிருந்தேன். ரெண்டும் வேற. கூச்சப்படும்போது நான் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், பொம்பளைங்க சிரிப்பாங்களே, மேஸ்திரி அதட்டுவாரேன்னு. பயபக்தின்னா அவரைப் பார்க்கிறது. காசியம்மா அவரைப் பார்த்துச்சு, அதனால அதுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சுது. காசியம்மா திரும்பி வந்ததும் புது டப்பா வாங்கிக் குடுத்தேன். "போடி, ஊமைச்சாமி. கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பாங்க இல்ல"ன்னு திட்டிட்டு வாங்கிக்கிச்சு. பிள்ளையையும் என் மடியில போட்டுச்சு.

இப்போ எனக்கு முட்டி வலி. இருந்தாலும் நற்கருணைப் பேழை முன்னாடி முழுசா மண்டி போட்டுத்தான் எழுந்திருக்கிறேன், நேரமானாலும் சரி. எங்க வீட்டுக்காரர் உடம்பைத் துடைச்சு விடும்போதும் அவசரப்படாம துடைச்சேன். ஆண்டவர் வந்து தங்கின உடம்பு அது. மாசாமாசம் முதல் வெள்ளிக்கு சாமியார் எங்க வாசலைத் தாண்டி வந்தார். நான்தான் போய் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும், சத்தமா.

இந்த வருஷம், 2006-ல, ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல, எங்க வீட்டுக்காரர் ஆண்டவர்கிட்ட போயிட்டார். ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே போனார். அன்னிக்குத் தேர்க்கொம்புலேர்ந்து அவர் கையை எடுத்து விட்டவங்கள்ல ரெண்டு பேர் இன்னும் இருக்காங்க. அவங்களே முன்னாடி வந்து அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு கோயிலுக்குள்ள போனாங்க. கலியபெருமாள் கோயில் வாசல்ல பீடியைப் போட்டுட்டு, செருப்பைக் கழட்டிட்டு, பின்னாலயே உள்ள வந்தார்.

இதைப் படிக்கிறவங்களே, உங்கள்ல யாராவது என்னை மாதிரி எதையோ தொலைச்சிட்டு, வெளிய சொல்ல முடியாம குனிஞ்சு தேடிக்கிட்டு இருந்தா, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். அவர்கிட்ட கேளுங்க. பக்கத்துல இருக்கிற மனுஷங்ககிட்டயும் வாயைத் திறந்து கேளுங்க. நான் பத்து நாள் கீழேயே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் மேல இருந்தார்.